சென்னையில் பொறியியல் கல்லூரி தேர்ந்தெடுப்பது எப்படி?

பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே தொலைபேசி அழைப்புகள் ஆரம்பித்துவிடும். "உங்கள் மதிப்பெண்ணுக்கு எங்களிடம் இடம் இருக்கிறது, இந்த வாரம் முன்பணம் கட்டினால் சலுகை" என்பார்கள். தரவரிசைப் பட்டியலே வெளியாகாத நேரத்தில் யாருக்கும் பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. அந்தச் சில வாரங்களில் செய்ய வேண்டிய வேலை வேறு. எந்தெந்தக் கல்லூரி, அதில் எந்தத் துறை என்று உட்கார்ந்து ஆராய்வதுதான் அது.

சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகிய நான்கு மாவட்டங்களையும் சேர்த்துத்தான் 'சென்னைக் கல்லூரிகள்' என்கிறோம். இவற்றின் விளம்பரப் பலகைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் பேசும். ஆனால் அதே கல்லூரிகள் அரசுக்கும் அங்கீகார அமைப்புகளுக்கும் கொடுக்கும் எண்கள் ஒன்றுக்கொன்று நிறைய வித்தியாசப்படும். அந்த எண்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு அவற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

எந்த வாசல் வழியாக எந்தக் கல்லூரி

முதல் குழப்பம் இங்கேதான். எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே கவுன்சலிங் கிடையாது.

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. 2018 வரை அண்ணா பல்கலைக்கழகம் நடத்திவந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள், அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகள், தனியார் சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் எல்லாம் இதன் வழியாகத்தான் நிரம்புகின்றன. சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரி 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரி 50 சதவீத இடங்களையும் அரசுக்கு ஒதுக்க வேண்டும். மீதிதான் கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும் மேனேஜ்மென்ட் கோட்டா.

கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி மூன்றும் அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள். கிண்டிக் கல்லூரியின் வேர் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. இந்த வளாகங்களில் கட்டணம் மிகக் குறைவு. ஒரு எச்சரிக்கை மட்டும்: சில பாடப்பிரிவுகளுக்குப் பக்கத்தில் 'சுயநிதி' என்று குறிப்பு இருக்கும். வளாகமும் பட்டமும் ஒன்றுதான், கட்டணம் மட்டும் கூடுதல். பட்டியலில் அந்தக் குறிப்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, கட்டணம் கட்டும் நாளில் திகைப்பவர்கள் உண்டு.

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் இந்தக் கலந்தாய்வில் இல்லை. அவற்றுக்குத் தனித் தனி நுழைவுத் தேர்வு, தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். மாநிலக் கட்டணக் குழு நிர்ணயிக்கும் தொகை அவற்றைக் கட்டுப்படுத்தாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வருபவருக்கு அரசு தரும் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும் அங்கே செல்லாது.

சென்னை ஐஐடிக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு நுழைவுத் தேர்வு வேண்டும். மத்திய அரசின் இன்னொரு தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம்முக்கு ஜேஇஇ மெயின் போதும். பெயரில்தான் காஞ்சிபுரம்; வளாகம் இருப்பது வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில். இரண்டுக்கும் இடம் ஒதுக்குவது மத்தியக் கலந்தாய்வு. மாநிலக் கலந்தாய்வையும் இதையும் இணையாக நடத்திக்கொண்டு போகலாம். ஒன்றில் விண்ணப்பித்ததற்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை.

கட்-ஆஃபை விடத் தரவரிசையைப் பாருங்கள்

கட்-ஆஃப் கணக்கு எளிது. கணித மதிப்பெண் முழுதாக 100-க்கு, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, ஆக மொத்தம் 200. கணிதம் 92, இயற்பியல் 86, வேதியியல் 90 என்றால் 92 + 43 + 45 = 180. கணிதத்தில் ஒரு மதிப்பெண் கூடினால் கட்-ஆஃப் ஒன்று கூடும். மற்ற இரண்டில் அரைதான் கூடும். மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போவதாக இருந்தால் கணிதத் தாளை முதலில் யோசியுங்கள்.

இருவர் சமமாக இருந்தால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். எல்லாமே சமமென்றால் மூத்தவருக்கு முன்னுரிமை. பிறந்த தேதியும் ஒன்றாக இருந்தால் மட்டுமே, விண்ணப்பதாரருக்குக் கணினி குலுக்கல் முறையில் தரும் ரேண்டம் எண் பேசும்.

பலரும் தவறுவது இதற்கடுத்த இடத்தில். "போன வருஷம் 180-க்கு அந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது, எனக்கும் 180, எனக்கும் கிடைக்கும்" என்று கணக்குப் போடுகிறார்கள். வினாத்தாள் சுலபமாக இருந்த ஆண்டில் 180 எடுத்தவர்கள் ஏராளம். கடினமாக இருந்த ஆண்டில் குறைவு. அதே 180-க்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் தரவரிசை எண்ணும் அடுத்த ஆண்டில் கிடைப்பதும் ஆயிரக்கணக்கில் மாறும். ஆகவே மதிப்பெண்ணோடு மதிப்பெண்ணை ஒப்பிடாதீர்கள். தரவரிசையோடு தரவரிசையை ஒப்பிடுங்கள்.

முந்தைய ஆண்டுகளின் ஒதுக்கீட்டு விவரம் கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கும். எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, எந்த இனப்பிரிவில் கடைசி இடம் எந்தத் தரவரிசைக்குப் போனது என்று அதில் பார்க்கலாம். குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஓர் ஆண்டு மட்டும் பார்த்தால், திடீரென்று இடங்கள் கூடிய ஆண்டாக அது இருந்துவிடலாம்.

இட ஒதுக்கீடு மொத்தம் 69 சதவீதம்: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. மீதி 31 சதவீதம் பொதுப்பிரிவு. அதில் எல்லாச் சமூகத்தினரும் போட்டியிடலாம். உங்களுக்குப் பொதுத் தரவரிசை, இனவாரித் தரவரிசை என்று இரண்டு எண்கள் இருக்கும். பழைய பட்டியலைப் பார்க்கும்போது எந்த எண்ணை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் குழம்பிவிடக் கூடாது.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-இல் சட்டமானது. அவர்களுக்குத் தனித் தரவரிசை உண்டு. அதில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆகவே அந்த ஒதுக்கீட்டில் வருபவர்கள் கட்டணத்துக்குப் பயந்து நல்ல கல்லூரியைப் பட்டியலிலிருந்து விடவே கூடாது.

துறையா, கல்லூரியா?

இரண்டும் வேண்டும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும். ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் எங்கள் கருத்து இது: முதல் பத்துப் பதினைந்து இடத்துக்குள் வரும் கல்லூரிகளுக்கு நடுவே துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்; அதற்குக் கீழே போகும்போது கல்லூரியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நல்ல கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸோ எலெக்ட்ரிக்கலோ படிப்பவருக்கு மென்பொருள் வேலைக்கான நேர்முகத்தில் உட்காரத் தடை கிடையாது. பெரும்பாலான மென்பொருள் நிறுவனங்கள் எல்லாத் துறையினரையும் எடுக்கின்றன. ஆள் இல்லாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயர்ப்பலகைக்குக் கீழே நான்கு வருடம் உட்கார்ந்திருப்பதால் அந்த வாய்ப்பு வந்துவிடாது.

செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், சைபர் பாதுகாப்பு என்ற புதிய பெயர்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பாடத்திட்டத்தைத் தரவிறக்கி கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்திட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பெரும்பகுதி ஒன்றாக இருக்கும். மூன்றாம், நான்காம் ஆண்டில் சில தாள்கள் மாறும். கேட்க வேண்டிய கேள்வி அந்தச் சில தாள்களை நடத்த ஆள் இருக்கிறார்களா என்பது. பல இடங்களில் பழைய துறையிலிருந்து ஆசிரியர்களை மாற்றிப் போட்டுத்தான் புதிய துறை நடக்கிறது.

2024-25 முதல் ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடங்கள்தான் என்றிருந்த உச்சவரம்பை, தகுதி வாய்ந்த கல்லூரிகளுக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) நீக்கிவிட்டது. அதன் பிறகு கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் பல கல்லூரிகளில் மளமளவென்று கூடின. இடம் கூடினால் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பும் கூடும். ஆனால் அந்த வேகத்தில் ஆசிரியர்களும் ஆய்வகமும் கூடினவா என்று பார்க்காமல் அந்த வாய்ப்பை எடுக்க வேண்டாம்.

மெக்கானிக்கல், சிவில் படிக்க உண்மையிலேயே விருப்பம் உள்ளவர்களுக்கு இது நல்ல காலம். கூட்டம் கணினிப் பக்கம் போய்விட்டதால் முன்பு எட்டாத கல்லூரிகள் இப்போது எட்டுகின்றன. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியின் வாகனத் தொழிற்சாலைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன.

சென்னைதான் வேண்டுமா என்பதையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையின் நடுத்தரக் கல்லூரி ஒன்று கிடைக்கும் தரவரிசையில், கோவையின் ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி), சிஐடி (கோயம்புத்தூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி), மதுரையின் தியாகராசர் பொறியியல் கல்லூரி போன்ற அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் வேறொரு துறை கிடைக்கக்கூடும். அங்கே கட்டணமும் குறைவு.

எண்களைப் படிக்கும் விதம்

நான்கு ஆவணங்கள் போதும். எல்லாமே பொதுவில் இருப்பவை.

முதலாவது, என்ஐஆர்எஃப் தரவு. மத்தியக் கல்வி அமைச்சகம் கல்லூரிகளுக்குத் தரும் இந்தத் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் தாங்கள் சமர்ப்பித்த விவரத்தைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். முகப்புப் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இணைப்பு இருக்கும். கல்லூரி எத்தனையாவது இடம் என்பதை விடுங்கள். அந்தக் கோப்பைத் திறந்து நான்கு ஆண்டு இளநிலைப் படிப்புக்கான அட்டவணைக்குப் போங்கள். ஒரு வரிசையில் முதலாண்டு அனுமதிக்கப்பட்ட இடங்கள், சேர்ந்தவர்கள், இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் படித்து முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், நடுமட்டச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள் என்று கட்டங்கள் இருக்கும்.

இந்த ஒரு வரிசை விளம்பரப் பலகை முழுவதையும் விட அதிகம் சொல்லும். எடுத்துக்காட்டாக, அனுமதி 600, சேர்ந்தவர்கள் 410, நேரடி இரண்டாம் ஆண்டு 40, குறித்த காலத்தில் முடித்தவர்கள் 290, வேலை பெற்றவர்கள் 200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்கு இடம் காலி. படித்த 450 பேரில் 160 பேர் அரியரோடு நிற்கிறார்கள் அல்லது விலகிவிட்டார்கள். பிளேஸ்மென்ட் 69 சதவீதம் என்று கல்லூரி சொன்னால் அது 290-இல் 200. உங்கள் பிள்ளை சேரும்போது நிற்பது அந்த 450-இல். அங்கிருந்து பார்த்தால் 44 சதவீதம்தான். நடுமட்டச் சம்பளம் என்பது வேலை பெற்றவர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. பலகையில் போடும் 'அதிகபட்சப் பேக்கேஜ்' ஒருவருக்கோ இருவருக்கோ வந்தது.

இதில் ஒரு குறை உண்டு. அட்டவணை கல்லூரி முழுவதற்குமானது, துறைவாரியாக இருக்காது. கல்லூரி பங்கேற்கவே இல்லையென்றால் இந்தக் கணக்கைப் போட வழியில்லை. அப்படிப்பட்ட கல்லூரியிடம் இதே எண்களை நேரில் கேளுங்கள்.

இரண்டாவது, என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரம். 'நாக்' என்பது கல்லூரி முழுவதற்கும் தரப்படும் அங்கீகாரம். என்பிஏ ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. 'என்பிஏ அங்கீகாரம் பெற்ற கல்லூரி' என்று போட்டிருந்தால் எந்தப் பாடப்பிரிவுக்கு, எந்தத் தேதி வரை என்று என்பிஏ இணையதளத்தில் பாருங்கள். மெக்கானிக்கலுக்கு வாங்கியதைக் காட்டி ஐடிக்கு ஆள் சேர்ப்பார்கள். புதிய துறைகளுக்கு அங்கீகாரம் இல்லாதது குற்றம் இல்லை. இரண்டு பேட்ச் படித்து வெளியேறிய பிறகே விண்ணப்பிக்க முடியும். வெளிநாட்டில் பொறியாளராக உரிமம் பெறும் எண்ணம் இருந்தால் 'டயர் 1' அங்கீகாரமா என்று பார்க்க வேண்டும். உறுப்பு நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று ஏற்க வகைசெய்யும், 2014 முதல் இந்தியா உறுப்பினராக உள்ள வாஷிங்டன் ஒப்பந்தம் அந்த வகைக்கே பொருந்தும். அது தன்னாட்சிக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்குமான வகை.

மூன்றாவது, அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடும் தேர்ச்சி விகிதப் பட்டியல். அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் இணைப்புக் கல்லூரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட இது நல்ல கருவி, ஏனெனில் எல்லோரும் ஒரே வினாத்தாள் எழுதுகிறார்கள். ஆனால் தன்னாட்சிக் கல்லூரியை இதோடு ஒப்பிடாதீர்கள். தன்னாட்சிக் கல்லூரி தானே பாடத்திட்டம் வகுத்து, தானே தேர்வு நடத்தித் திருத்துகிறது. பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். அங்கே 95 சதவீதம் தேர்ச்சி என்பதும் இணைப்புக் கல்லூரியில் 70 சதவீதம் என்பதும் வேறு வேறு தேர்வுகளின் முடிவு. தன்னாட்சி பெற்ற கல்லூரிகளில் மிக நல்லவையும் உண்டு, தேர்ச்சியைத் தாராளமாக வழங்குபவையும் உண்டு. எது எது என்று சொல்வது அந்தப் பட்டியல் அல்ல, வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள்.

நான்காவது, கட்டாய வெளிப்படுத்தல் ஆவணம். ஏஐசிடிஇ ஒப்புதல் பெற்ற ஒவ்வொரு கல்லூரியும் ஆசிரியர் பட்டியல், இடங்கள், கட்டணம், ஆய்வகம் எல்லாவற்றையும் இதில் போட வேண்டும். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது விதி. ஆண்டுக்கு 120 இடம் உள்ள துறையில் நான்கு ஆண்டுக்கு 480 பேர், ஆக 24 ஆசிரியர்கள் வேண்டும். பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் விகிதம் 1:2:6. அதன்படி 24 பேரில் இரண்டு மூன்று பேராசிரியர்களும் ஐந்து இணைப் பேராசிரியர்களும் இருக்க வேண்டும். பட்டியலில் 24 பெயரும் உதவிப் பேராசிரியர்களாகவே இருந்து, அத்தனை பேரும் ஓரிரு ஆண்டுக்குள் சேர்ந்தவர்களாக இருந்தால் அந்தத் துறையில் யாரும் தங்குவதில்லை என்று பொருள்.

பட்டியலில் இருக்கும் பெயர் வகுப்பறையிலும் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம், ஒரே ஆசிரியரின் பெயர் பல இணைப்புக் கல்லூரிகளின் கணக்கில் இருப்பதை அம்பலப்படுத்தியது. அண்ணா பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்க வேண்டி வந்தது. ஆகவே ஆவணத்திலிருந்து நான்கைந்து பெயர்களைக் குறித்துக்கொண்டு நேரில் போங்கள்.

நேரில் போகும்போது

வேலை நாளில் போங்கள். சேர்க்கை அலுவலகத்தில் நிற்கும் அலுவலரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். சேர்க்கைக் காலம் பெரும்பாலும் விடுமுறையில் வருவதால் வளாகம் வெறிச்சோடி இருக்கும். முடிந்தால் பிளஸ் டூ படிக்கும்போதே ஒரு நாள் போய்வருவது நல்லது.

மூன்றாம் ஆண்டு மாணவர்களைத் தேடிப் பிடியுங்கள். முதலாண்டுக்காரர்களுக்கு இன்னும் எதுவும் தெரியாது. "இந்தப் பருவத்தில் உங்களுக்கு வகுப்பு எடுப்பவர்கள் யார் யார்?" என்று கேட்டு, கையில் உள்ள பெயர்களோடு ஒத்துப் பாருங்கள். "பருவத்தின் நடுவில் ஆசிரியர் மாறினாரா?" என்றும் கேளுங்கள். "காலேஜ் எப்படி?" என்ற பொதுவான கேள்விக்கு "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "போன வருஷம் உங்க டிபார்ட்மென்ட்டில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எந்தெந்தக் கம்பெனி வந்தது?" என்று கேட்டால் எண் வரும்.

ஆய்வகத்தில் பார்க்க வேண்டியது கருவிகளின் எண்ணிக்கையை அல்ல, வேலை செய்யும் கருவிகளின் எண்ணிக்கையை. 60 பேர் வகுப்பை இரண்டாகப் பிரித்தால் 30 பேர். எலெக்ட்ரானிக்ஸ் ஆய்வகத்தில் 10 அலைகாட்டிகள் (ஆசிலோஸ்கோப்) இருந்து ஆறு மட்டும் ஓடினால் ஒன்றைச் சுற்றி ஐந்து பேர்; இருவர் கை வைப்பார்கள், மூவர் பார்த்து எழுதுவார்கள். கருவி மேலுள்ள உறை, பட்டறையில் லேத் மீது படிந்த தூசி, கணினி ஆய்வகத்தில் ஒட்டியிருக்கும் கால அட்டவணை எல்லாம் பேசும். அட்டவணையில் மாலை நேரமும் திறந்திருப்பதாக இருந்தால் அது நல்ல அறிகுறி.

பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் கேட்க வேண்டியவை மூன்றுதான். ஒருவருக்கு இரண்டு நிறுவனத்தில் வேலை கிடைத்தால் அதை ஒன்றாக எண்ணுகிறார்களா, இரண்டாகவா? விகிதக் கணக்கில் கீழே போடும் எண் மொத்த மாணவர்களா, 'தகுதி பெற்றவர்கள்' மட்டுமா? நேர்முகத்துக்கு அரியர் இல்லாமலும் 60 சதவீதத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்பதால், அந்தத் தகுதியில் விழுந்தவர்களைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுவது வழக்கம். மூன்றாவது, வேலைக்கு அழைப்பு வந்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் போய்ச் சேர்ந்தார்கள்?

தூரம்

சென்னைக்குப் புதிதாக வருபவர்கள் வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது நேரம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கல்லூரிக்கும் நெடுஞ்சாலை ஓரத்தில் தனியாக நிற்கும் கல்லூரிக்கும் அன்றாட வாழ்க்கை முழுக்கவே வேறு. எம்ஐடிக்குக் குரோம்பேட்டை நிலையம் பக்கம். நுங்கம்பாக்கம் லயோலா-இக்காம், கோடம்பாக்கம் மீனாட்சி சுந்தரராஜன் போல நகருக்குள்ளேயே இருப்பவை சில. கவரைப்பேட்டைப் பக்கக் கல்லூரிகளுக்குக் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் உண்டு. பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள கல்லூரிகளுக்கு மின்சார ரயில் கிடையாது. கல்லூரிப் பேருந்தோ மாநகரப் பேருந்தோதான்.

வடசென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கோ காலவாக்கத்துக்கோ கல்லூரிப் பேருந்தில் போய்வந்தால் நாளில் நான்கு மணி நேரம் சாலையிலேயே போகும். விடியற்காலையில் நிறுத்தத்தில் நிற்க வேண்டும். வருகைப்பதிவு 75 சதவீதம் கட்டாயம் என்பதால் களைப்பாக இருக்கிறது என்று விடவும் முடியாது. ஒரு வழிப் பயணம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனால் விடுதியைப் பற்றி யோசியுங்கள். சேருமுன் ஒரு திங்கட்கிழமை காலை அதே வழியில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

விடுதியில் கேட்க வேண்டியவை: ஓர் அறையில் எத்தனை பேர், நான்கு ஆண்டும் இடம் உறுதியா அல்லது முதலாண்டுக்கு மட்டுமா, கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, நடுவில் வெளியேறினால் பணம் திரும்புமா. பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நலத் துறைகள் கல்லூரி மாணவர்களுக்கென்று சென்னையில் இலவச விடுதிகள் நடத்துகின்றன, சைதாப்பேட்டை எம்.சி.ராஜா விடுதி அவற்றில் ஒன்று. இடம் சீக்கிரம் நிரம்பும் என்பதால் கல்லூரி ஒதுக்கீடு வந்த உடனே விண்ணப்பிக்க வேண்டும்.

பணம்

2017-இல் கட்டண நிர்ணயக் குழு வைத்த வரம்பின்படி சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. மேனேஜ்மென்ட் இடத்துக்கு 85,000, அங்கீகாரம் பெற்றதற்கு 87,000. நீங்கள் சேரும் ஆண்டுக்கான தொகையை அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் சரிபாருங்கள். பேருந்து, விடுதி, பயிற்சி வகுப்பு, சீருடை போன்றவை இதற்கு வெளியே வரும். உண்மையில் குடும்பத்தை அழுத்துவது அவைதான். நான்கு ஆண்டுக்கும் எல்லாம் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் ஆண்டுதோறும் புதுப் பெயரில் ஒரு கட்டணம் முளைக்கும்.

நன்கொடை வாங்குவது 1992-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படியே குற்றம். ரசீது இல்லாமல் கேட்கும் எந்தத் தொகையும் அந்த வகைதான். இடைத்தரகர்களிடம் கொடுத்த பணத்துக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

குடும்பத்தில் யாரும் பட்டம் பெறவில்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழை இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பித்துவிடுங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும், கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டுமே செல்லும். கலந்தாய்வில் கிடைக்கும் அதே கல்லூரியில் அவசரப்பட்டு மேனேஜ்மென்ட் இடத்தை வாங்கியவர்கள் இந்தச் சலுகையையும் சேர்த்து இழக்கிறார்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். கல்விக் கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். வங்கிகளின் மாதிரிக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை.

விருப்பப் பட்டியல்

பதிவுக் கட்டணம் 500 ரூபாய். ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 250. சான்றிதழ்களைப் பதிவேற்றும்போது சாதிச் சான்றிதழில் உள்ள பெயர் எழுத்தும் மதிப்பெண் பட்டியலில் உள்ளதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற மாநிலத்தில் படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். அது கிடைக்க நாளாகும்.

விருப்பமான கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் இணையத்தில் வரிசையாக ஏற்றும் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு மூன்று நாள் தருவார்கள். அந்த மூன்று நாளில் யோசிக்கத் தொடங்கினால் தப்பு நடக்கும். பட்டியலை முன்பே தாளில் எழுதி முடித்துவிட்டு, அந்த நாட்களில் ஏற்றுவதும் சரிபார்ப்பதும் மட்டும் செய்யுங்கள்.

ஒரு வரி என்பது ஒரு கல்லூரியும் ஒரு பாடப்பிரிவும். எத்தனை வரி வேண்டுமானாலும் போடலாம். கணினி மேலிருந்து கீழே வந்து, உங்கள் முறை வரும்போது காலியாக இருக்கும் முதல் வரியைக் கொடுக்கும். இதைப் புரிந்துகொண்டால் வரிசை எப்படி இருக்க வேண்டும் என்பது தெளிவு: அதிகம் விரும்புவது மேலே. "முதலில் கிடைக்கக்கூடியதைப் போடு" என்று கணினி மையங்களில் சொல்லும் யோசனை தவறு. கிடைக்காத ஒன்றை மேலே போட்டால் எந்த நஷ்டமும் இல்லை. கணினி அதைத் தாண்டிக் கீழே வரும். கிடைக்கக்கூடியதை மேலே போட்டால் அதற்குக் கீழுள்ள நல்ல இடம் காலியாக இருந்தாலும் உங்களுக்கு வராது.

எவ்வளவு தூரம் மேலும் கீழும் போடுவது? உங்கள் தரவரிசை 30,000 என்றால், முந்தைய ஆண்டுகளில் 15,000 அளவில் முடிந்த இடங்களிலிருந்து தொடங்கி 60,000 வரை போங்கள். நடுப்பகுதியில், 25,000 முதல் 40,000 வரை, மிக அடர்த்தியாகப் போடுங்கள். அதே சமயம், கிடைத்தால் போக மாட்டோம் என்று தெரிந்த எதையும் எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள். அதுதான் கிடைத்துத் தொலைக்கும்.

கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பார்த்தே ஏற்றுங்கள், பெயரைப் பார்த்து அல்ல. ஒரே அறக்கட்டளை ஒரே பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் நடத்தும். ஒன்று தன்னாட்சி, ஒன்று புதிது, இரண்டுக்கும் தரம் வேறு. ஏற்றி முடித்ததும் வேறொருவர் சத்தமாகப் படிக்க, நீங்கள் தாளில் டிக் போடுங்கள். கடவுச்சொல்லையும் ஓடிபி வரும் தொலைபேசியையும் யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

ஒதுக்கீடு வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இடம் போய்விடும். கிடைத்ததே போதும் என்றால் 'அக்செப்ட் அண்ட் ஜாயின்'. ஐந்தாவது வரி கிடைத்திருக்கிறது, முதல் நான்கில் ஒன்று காலியானால் வேண்டும் என்றால் 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்'. மேலே நகர்ந்துவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. 'டிக்ளைன் அண்ட் அப்வர்ட்' என்றால் கையில் உள்ளதை விட்டுவிட்டு மேலே உள்ளதற்கு மட்டும் காத்திருப்பது. வேறு நல்ல வழி கையில் உறுதியாக இருப்பவர்கள் தவிர மற்றவர்கள் இதை அழுத்த வேண்டாம்.

உறுதி செய்ததோடு வேலை முடியவில்லை. சேர்கிறவர்கள் கல்லூரியிலும், மேல் நகர்வுக்குக் காத்திருப்பவர்கள் கலந்தாய்வுக்கான சேவை மையத்திலும் குறித்த நாளுக்குள் கட்டணம் செலுத்த வேண்டும். அந்த நாள் தவறினால் உங்கள் இடம் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போகும். முதல் சுற்றில் நல்ல இடம் கிடைத்தும் பணம் திரட்டத் தாமதமானதால் இழந்தவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. முதல் தவணைக்கான தொகையைச் சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்பே ஏற்பாடு செய்துவைக்க வேண்டும்.

கல்லூரியில் சேரும் அன்று அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதே ஏஐசிடிஇ விதி. மாற்றுச் சான்றிதழ் தவிர மற்றவற்றை நகலாக மட்டும் கொடுங்கள். அசலைக் கேட்டே தீருவோம் என்றால், எந்தெந்தச் சான்றிதழ் என்று வரிசை எண்ணோடு எழுதிக் கல்லூரி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். வகுப்பு தொடங்குமுன் வேறிடம் கிடைத்து விலகினால் 1,000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பித் தேதியைப் பதிவு செய்துவிடுங்கள். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் கல்லூரியின் பெயரில், எதற்கான கட்டணம் என்ற தலைப்போடு ரசீது வாங்கி ஒரே கோப்பில் வைத்திருங்கள். கடன் தரும் வங்கியும் உதவித்தொகை அலுவலகமும் பின்னால் அந்த ரசீதுகளைத்தான் கேட்கும்.